பிள்ளையார் கல்லுக்கு எந்தப் பக்கம் வெளிச்சம்?

டிசம்பர் 27

மார்கழி பிறந்தால் எங்கள் ஸ்டுடியோவில் வேலை குறைந்துவிடும். கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வருகிறவர்களைத் தம்பி பார்த்துக்கொள்வான். வருஷத்தில் இந்த ஒரு மாதம்தான் நான் எனக்காகப் படம் எடுக்கிற மாதம். இந்த முறை ஏற்காடு. சேலத்துக்காரனுக்கு ஏற்காடு ஒரு பயணமா என்று கேட்கலாம். நாற்பது தடவைக்கு மேல் போயிருக்கிறேன், எல்லாம் அவுட்டோர் ஷூட்டுக்காக. லேடீஸ் சீட்டில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிற்க வைத்து எடுத்ததைத் தவிர அந்த மலையை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. இந்த நான்கு நாளும் மனிதர்கள் வேண்டாம், கல்லை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன்.

கூட வருவது வாத்தியார். பத்தாம் வகுப்பில் எனக்கு வரலாறு எடுத்தவர், இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். சேர்வராயன் மலை ஊர்களில் பிள்ளையார் என்று கும்பிடப்படுகிற கற்களில் பல, புதிய கற்கால மனிதர்கள் தேய்த்து மெருகேற்றிய கோடாரிகள் என்று என்னிடம் முதலில் சொன்னவர் அவர்தான். காட்டைத் திருத்தும்போதும் குழி வெட்டும்போதும் கிடைத்ததை மக்கள் கோயிலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். "நான் பென்சிலால வரைஞ்சு வச்சிருக்கேன். நீ ஒருவாட்டி ஒழுங்கா படம் எடுத்துக் குடுப்பா" என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வருஷக் கடைசி என்பதால் அடிவாரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பஸ் எத்தனையோ முறை நின்றது. அப்படி நின்ற நேரத்தில்தான் வாத்தியார் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்துக் காட்டினார். பழைய போட்டோ ஒன்றின் நகல்.

"இதப் பாத்தா உனக்கு என்னப்பா தெரியுது?"

"குவாரி மாதிரி இருக்கு சார். ஆளுங்க நிக்கிறாங்க. ஒருத்தர் சுவத்துல எதையோ கையால காட்டுறார்."

"எதக் காட்டுறார்?"

அது தெரியவில்லை. நகல் அவ்வளவு மங்கல். அவர் சொன்னார், அந்த விரல் காட்டுவது ஒரு கைக்கோடாரியை. பிரான்சில் அமியான் நகரத்தை ஒட்டிய சான் அஷோல் என்ற இடத்துச் சரளைக் குழி. நாள் 1859 ஏப்ரல் 27.

அதற்கு முன்பே அந்தப் பகுதியில் பூஷே த பெர்த் என்ற சுங்க அதிகாரி, அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு கல் ஆயுதங்களும் கிடைக்கின்றன, ஆகவே மனிதன் மிகப் பழையவன் என்று பல வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். பெரிய அறிஞர்கள் ஏற்கவில்லை. குழிவெட்டும் தொழிலாளர்கள் கல்லைக் கொண்டுவந்து கொடுத்தால் காசு கிடைக்கும், அவர்களே செய்து சொருகியிருக்கலாமே என்ற சந்தேகம் இருந்தது. சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. இங்கிலாந்திலிருந்து இரண்டு பேர் நேரில் பார்க்க வந்தார்கள். ஜோசப் பிரெஸ்ட்விச் அப்போது ஒயின் வியாபாரம் செய்துகொண்டே நிலவியல் படித்தவர். ஜான் ஈவான்ஸ் காகித ஆலைக்காரர். குழியில் ஒரு கல் மண்ணோடு மண்ணாக அப்படியே இருக்கிறது என்று தந்தி வந்ததும், ஒரு போட்டோகிராபரையும் ஏற்பாடு செய்துகொண்டு போய்க் கல்லை வெளியே எடுப்பதற்கு முன்பே படம் பிடித்தார்கள். ஒரு மாதத்தில், மே 26 அன்று, பிரெஸ்ட்விச் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். மனிதனின் பழமை பற்றிய பேச்சு அன்றிலிருந்து வேறு திசையில் போனது.

பஸ் நகர்ந்துவிட்டது. நான் தாளை மடிக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன். தொழில்காரனாக எனக்கு முதலில் தோன்றியது வேறு. அந்தக் காலத்தில் பொதுவாகக் கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காயும் முன்பே படம் எடுத்து, காயும் முன்பே கழுவியாக வேண்டும். இருட்டறையையும் கூடவே தூக்கிப் போக வேண்டும். சில வினாடியாவது யாரும் அசையக் கூடாது. அந்தத் தொழிலாளி விரலை நீட்டியபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். இவ்வளவு பாடும் எதற்கு? கல் அழகாக இருக்கிறது என்று காட்ட அல்ல. படத்தில் கல் சரியாகத் தெரியக்கூட இல்லை. அது எங்கே இருந்தது என்று காட்டத்தான்.

தாலி கட்டும் நேரத்தில் நான் எடுக்கிற படமும் அப்படித்தான். முடிச்சு யார் கண்ணுக்கும் தெரியாது. மணவறையைச் சுற்றி நிற்கிற முகங்கள் தெரிய வேண்டும், அவர்கள்தான் சாட்சி. இருபது வருஷமாக அதைத்தான் எடுக்கிறேன், இப்படி ஒரு படத்தோடு சேர்த்து யோசித்ததில்லை.

அந்தக் கல்லை 2009இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகச் சேகரிப்பில் கண்டுபிடித்தார்கள். கிளைவ் கேம்பிள், ராபர்ட் குருசின்ஸ்கி என்ற இருவர். அதில் ஒட்டியிருந்த சீட்டில் அதே தேதி எழுதியிருந்ததாம். 150 வருஷம் கல் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் பிரிந்து இருந்திருக்கின்றன.

அறைக்கு வந்து சேர இருட்டிவிட்டது. குளிர் நன்றாகவே இருக்கிறது. இதை எழுதும்போது லென்ஸ் மேல் பனி படிந்திருப்பதைப் பார்த்தேன், பையில் போட்டு மூடிவிட்டேன். வெளிக்குளிரிலிருந்து அறைக்குள் கொண்டுவந்தவுடன் கேமராப் பையைத் திறக்காதீர்கள், அரைமணி நேரம் விடுங்கள். மலைக்கு வருகிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

டிசம்பர் 28

இன்று போன ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பஸ் விட்டு இறங்கி முக்கால் மணி நேர நடை. இரு பக்கமும் காப்பித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி. பழம் பறிக்கிற சமயம். வாசல் களங்களில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது, புளித்த வாசனை. கோயில் என்றால் கோபுரம் ஒன்றும் இல்லை. ஒரு மரத்தடி, இடுப்பளவு கல்சுவர் மூன்று பக்கம், மேலே தகரம். உள்ளே வரிசையாக ஐந்து கல், சுவரில் சாய்த்து வைத்திருந்தது.

அருகில் இருந்த ஒரு பாட்டிதான் பூசை செய்கிறவர். வாத்தியாரை அவருக்குத் தெரியும்.

"வா சாமி. இவுரு யாரு?"

"நம்ம பையன்தான் ஆயா. போட்டோ புடிக்கிறவன். பிள்ளையாரப் படம் எடுத்துக்கலாமான்னு உங்களக் கேக்கத்தான் வந்தோம்."

ஆயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எடுத்துக்க. தொடக் கூடாது. செருப்ப அங்கயே வுட்டுட்டு வா."

உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தில் மூன்றுதான் கோடாரி என்றார் வாத்தியார். ஒன்று ஆற்றுக் கூழாங்கல் போல இருந்தது. இன்னொன்றைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த மூன்றும் முக்கோண வடிவம், ஒரு முனை குறுகி, எதிர்முனை அகன்று இலை போல வளைந்திருந்தது. குறுகிய முனை மேலே இருக்கும்படி நிறுத்தினால் உட்கார்ந்த பிள்ளையார் தெரிகிறார். தலை, சரிந்த தோள், அகன்ற அடி. யாரும் செதுக்கவில்லை, ஆனால் பார்த்தவுடன் பிள்ளையார். மரத்தை வெட்டவும் கட்டை பிளக்கவும் செய்த ஆயுதத்தை இவர்கள் வெட்டும் முனை கீழே இருக்கும்படி உட்கார வைத்திருக்கிறார்கள்.

சரி, படம். முதல் நாற்பது படமும் வீண். வருஷக்கணக்காக ஊற்றிய எண்ணெய் கல்லின் மேல் கறுப்பாக ஏறியிருந்தது. அதன் மேல் மஞ்சள், குங்குமம். எந்தப் பக்கம் இருந்து வெளிச்சம் விழுந்தாலும் எண்ணெய் கண்ணாடி மாதிரி திருப்பி அடித்தது. போலரைசர் பில்டர் போட்டேன். எண்ணெய், தண்ணீர் இவற்றின் பளபளப்பை அது குறைக்கும். குறைத்தது. ஆனால் பளபளப்பு போனதும் அடியில் தெரிந்தது எண்ணெய்க் கறுப்புதான், கல் இல்லை.

பிளாஷை எடுத்தேன். வாத்தியார் கையைப் பிடித்தார். நேர் எதிரிலிருந்து பிளாஷ் அடித்தால் மேடு பள்ளம் எல்லாம் சமமாகிவிடும், கல்லாயுதத்தில் மேடு பள்ளம்தான் எழுத்து என்றார். நியாயம்தான். மணப்பெண்ணின் முகத்தில் சின்னப் பருவை மறைக்க நான் எந்த வெளிச்சத்தைப் பயன்படுத்துகிறேனோ அதையே இங்கேயும் கொண்டுவந்தால் மறைக்கத்தான் செய்யும்.

அப்புறம் அவர் தன் நோட்டைத் திறந்து காட்டினார். பென்சில் படங்கள். இந்தக் காலத்திலும் தொல்லியலில் கல்லாயுதத்தைக் கையால் வரைகிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏன் என்பதை நோட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டேன். போட்டோவில் கல்லின் நிறம், கறை, பாசி, எல்லாம் ஒரே பலத்தோடு வந்துவிடும். வரைகிறவர் கறையை விட்டுவிடுவார். முதலில் எந்தச் சில்லைத் தட்டி எடுத்தார்கள், அதன் மேல் எது வெட்டிக்கொண்டு போகிறது என்று அந்த வரிசை தெரியும்படி கோடு போடுவார். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிச்சம் எப்போதும் இடது மேல்மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொண்டுதான் நிழல் போட வேண்டும். எந்த நாட்டில் வரைந்த கல்லையும் எந்த நாட்டுக்காரரும் ஒரே மாதிரி படிக்கலாம். இடது மேல்மூலை! நான் ஸ்டுடியோவில் விளக்கை நிறுத்துகிற இடமும் பெரும்பாலும் அதுதான்.

அளவுக்காகக் கல்லின் அருகில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தேன். அதையும் எடுக்கச் சொன்னார். பழைய ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர். 2011க்குப் பிறகு வந்தது கிட்டத்தட்ட 22. இப்போது புதிதாக வருவது 20. ஐம்பது வருஷம் கழித்து இந்தப் படத்தைப் பார்க்கிறவர் எது என்று எப்படித் தெரிந்துகொள்வார்? கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட சின்ன அளவுகோல் ஒன்றைக் கொடுத்தார். அதைத் தரையில் போடாமல் கல்லின் பாதி உயரத்துக்கு ஏதாவது முட்டுக் கொடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கல் கேமராவுக்குப் பக்கம், அளவுகோல் தூரம், அளவு பொய்யாகிவிடும். கிட்டப் போய் அகலக் கோண லென்ஸில் எடுப்பதும் இதே தப்பைச் செய்யும். 105 மில்லிமீட்டர் மேக்ரோவை மாட்டி, எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்றேன்.

இவ்வளவு செய்தும் கல் பேசவில்லை. ஆயா எல்லாவற்றையும் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கெழம காலையில தண்ணி ஊத்திக் கழுவுவேன். மஞ்ச வக்கறதுக்கு முன்னால சித்த நேரம் வெறுங்கல்லாத்தான் இருக்கும். அப்ப வந்து புடிச்சுக்க."

திரும்பும்போது வாத்தியார் அதிகம் பேசவில்லை. எனக்குத்தான் நேற்றைய படம் மனதிலேயே இருந்தது. இந்த மூன்று கல்லும் எங்கே கிடந்தன, எந்த ஆழத்தில், கூட என்ன இருந்தது, ஒன்றும் தெரியாது. திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையிலும் இதே மாதிரிக் கோடாரிகள் அகழாய்வில், மண்ணடுக்கோடு கிடைத்தன. அடுக்கு இருப்பதால் அங்கே காலத்தைப் பற்றிப் பேச முடிகிறது. அவற்றோடு உருவத்தை ஒப்பிட்டுத்தான் இவையும் புதிய கற்காலம் என்கிறோம். நான் எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் அந்த மண்ணை என் படத்துக்குள் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஊர்ப் பெயர் எழுதாத காரணம் இதுதான். செல்போனில் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும், நாம் நிறுத்திவைக்காவிட்டால், எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் எண்கள் பதிந்துவிடும். உள்ளங்கையில் அடங்குகிற கல், பூட்டு இல்லாத கோயில். ஏற்கனவே ஓர் இடம் இழந்த கல் இன்னொரு முறையும் இழக்க என் படம் காரணமாகக் கூடாது. நீங்களும் எங்காவது கல்திட்டை, பாறை ஓவியம், நடுகல் என்று படம் எடுத்தால் இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டுப் போடுங்கள். முழு விவரத்தைத் தொல்லியல் துறைக்குக் கொடுங்கள். ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 29

வாத்தியார் இந்தத் தேதியை முன்பே குறித்து வைத்திருந்தார். 1912ஆம் ஆண்டு இதே டிசம்பர் 29 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் கல்கத்தாவில் காலமானார். அவருடைய நினைவுக்கல் ஏற்காட்டில், ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் வாசலில் தொங்கியது. உள்ளே போக அனுமதி கேட்டோம், ஒருவர் கூடவே வந்து காட்டினார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த பெயர். அதைக் கல்லில் பார்த்தபோது வாத்தியார் செருப்பைக் கழற்றினார், நானும் கழற்றினேன்.

ஃபூட் 1834இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை வந்தார். அமியான் குழியில் அந்தப் படம் எடுக்கப்பட்டபோது அவர் இங்கே பாறைகளை அளந்துகொண்டிருந்தார். பிரெஸ்ட்விச்சும் ஈவான்ஸும் கண்டதைப் பற்றிய செய்தி அவரிடம் ஓர் ஆர்வத்தைக் கிளப்பியது. அங்கே இருந்தால் இங்கே ஏன் இருக்காது என்று தேடத் தொடங்கினார். 1863 மே 30, பல்லாவரம் ராணுவ மைதானம். சாலைக்குச் சரளை எடுத்த ஒரு குழி. தோண்டி வெளியே போட்டிருந்த குப்பையில் ஒரு கைக்கோடாரி கிடந்தது. இந்தியாவில் பழைய கற்காலம் என்ற ஒன்று உண்டு என்பதற்கு முதல் சான்று அந்தக் கல்.

குப்பையில் கிடந்தது என்பதை வாத்தியார் இரண்டு முறை சொன்னார். ஃபூட்டுக்கே அது போதவில்லை. மண்ணில் இருந்த இடத்திலேயே ஒரு கல்லைப் பார்க்க வேண்டும். அதே வருஷம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கம் ஓடைக்குப் போனார்கள். அங்கே கல்லாயுதங்கள் அடுக்கிலேயே இருந்தன. அந்த இடத்தில் பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் அகழாய்வு செய்து, 2011இல் அங்குள்ள மிகப் பழைய ஆயுதங்களின் வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று வெளியிட்டார்கள். கல் எவ்வளவு காலம் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் படாமல் மண்ணுக்குள் புதைந்திருந்தது என்பதை அளந்து சொல்லும் வயது அது. இடம் கலையாமல் இருந்ததால்தான் அளக்க முடிந்தது. நான் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பஸ்ஸில் பார்த்த விரல் மறுபடி ஞாபகம் வந்தது.

ஃபூட் ஏற்காட்டுக்கு வந்தது பெண் எடுத்த வகையில். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் இங்கேதான் ஓய்வுக் காலத்தைக் கழித்தார். நம் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்ட அதே பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைக் கொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர். பழமொழி சேர்த்த மாமனாரும் கல் சேர்த்த மருமகனும் இதே மலையில் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்று வரை தெரியாது. தெரிந்திருந்தால் இந்த ஊரில் எடுத்த நாற்பது ஆல்பத்துக்கு நடுவே ஒரு நாளாவது இங்கே வந்திருப்பேன்.

ஃபூட் சேர்த்த கற்கள் 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. எழும்பூரில் பார்த்திருக்கிறேன். சேர்வராயன் மலையில் கிடைத்த கோடாரிகளும் அந்தச் சேகரிப்பில் உண்டு. அவருடைய அட்டவணை அவர் இறந்த பிறகு 1914இலும் 1916இலும் அச்சாகி வந்தது. அதன் பெருமை என்ன என்றால், எந்த மாவட்டம், எந்த ஊர், எந்த மலை என்று இடத்தோடு எழுதியிருப்பதுதான். கேமரா கையில் இல்லாவிட்டாலும் அவர் சாட்சி எழுதிவைத்திருக்கிறார்.

நினைவுக்கல்லைப் படம் எடுக்கப் பார்த்தேன். மேகம் மூடிய வெளிச்சத்தில் எழுத்துகள் தட்டையாக இருந்தன. கல்வெட்டில் மாவு தேய்த்துப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன், பலர் செய்கிறார்கள். கேமராப் பையில் டால்கம் பவுடர் இருக்கிறது, வியர்வைக்கு என்று கல்யாண வீடுகளுக்கு எடுத்துப் போவது. அதை எடுத்தேன். வாத்தியாரின் குரல் உயர்ந்து நான் கேட்டது இந்த மூன்று நாளில் அப்போது மட்டும்தான்.

"வைப்பா அத. ஒரு போட்டோவுக்காகக் கல்லத் தொடுறதா?"

பிறகு தணிந்து சொன்னார். பாறை ஓவியங்களில் நிறம் தூக்கலாகத் தெரிய வேண்டும் என்று தண்ணீரைத் தெளித்துப் படம் எடுத்த காலம் உண்டு. சாக்பீஸால் ஓரம் இழுத்தும் எடுத்திருக்கிறார்கள். படம் அன்றைக்கு நன்றாக வந்தது, ஓவியம் கெட்டது. இப்போது அதற்குத் தேவையே இல்லை. ஜான் ஹார்மன் என்பவர் உருவாக்கிய டி-ஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருள் இருக்கிறது. விண்ணிலிருந்து எடுத்த படங்களுக்காக வந்த கணக்குமுறையைக் குகை ஓவியத்துக்குக் கொண்டுவந்தார். பாறையின் நிறத்தையும் காவியின் நிறத்தையும் ஒன்றைவிட்டு ஒன்றைப் பிரித்து விரித்துக் காட்டும். விழுப்புரம் பக்கம் கீழ்வாலைச் செங்காவி ஓவியங்களை நான் எடுத்து அதில் போட்டுப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குக் கறை மாதிரி இருந்த இடத்தில் உருவத்தின் கோடு எழுந்து வந்தபோது கை நடுங்கியது. ஆனால் அதில் வரும் நிறம் உண்மையான நிறம் இல்லை. அதனால் மூலப்படத்தையும் பக்கத்தில் வைத்தே வெளியிட வேண்டும் என்பதில் வாத்தியார் கண்டிப்பானவர்.

பவுடரை உள்ளே வைத்துவிட்டு, காருக்குள் மாட்டுகிற அளவுக்கு ஒரு கண்ணாடியை எடுத்தேன். மேகம் விலகிய ஐந்து நிமிஷத்தில் வாத்தியார் வெயிலில் நின்று கண்ணாடியைச் சாய்த்தார். வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு பக்கவாட்டில் ஓடியது. ஒவ்வொரு எழுத்தும் தன் நிழலோடு எழுந்து நின்றது. யாரும் எதையும் தொடவில்லை.

மாலையில் பகோடா பாயிண்ட். கூட்டம். ஒரு இளைஞன் டிரோனைக் கையில் வைத்துக்கொண்டு காற்று அடங்கக் காத்திருந்தான். 1906இல் ஸ்டோன்ஹெஞ்சை ஒரு ராணுவ அதிகாரி பலூனிலிருந்து படம் எடுத்ததை வாத்தியார் அவனிடம் சொல்லத் தொடங்க, பையன் டிரோனை மறந்துவிட்டுக் கேட்டான். தரையில் நின்று பார்த்தால் தெரியாத பள்ளங்களும் பாதையும் வானத்திலிருந்து தெரியும், பயிர் வளர்கிற உயரத்தில்கூட அடியில் புதைந்த சுவர் தெரியும் என்றார். நான் மலையின் மீது இறங்குகிற வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக் காலை மேகம் இருக்கக் கூடாது.

டிசம்பர் 30

மேகம் இல்லை.

ஆறரைக்கெல்லாம் ஊரில் இருந்தோம். வாசல் கோலங்களில் சாணிப் பிள்ளையாரும் பூசணிப்பூவும். ஆயா தலைக்குக் குளித்து ஈரத் துணியோடு கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெந்நீர்ப் பானை, அரப்புத் தூள். ஒவ்வொரு கல்லாக மடியில் குழந்தையைப் போல வைத்துத் தேய்த்தார். கறுப்பு நீர் ஓடியது. நான் டிரைபாடை நிறுத்திவிட்டு மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தேன்.

கழுவின முதல் கல்லைத் துடைத்து வெயிலில் வைத்தார். சாம்பல் கறுப்பு, கொஞ்சம் பச்சை ஓடிய நிறம். தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் விழுந்தது. வெளிச்சம் இடது மேலிருந்து வரட்டும் என்று ஆயாவிடம் கேட்டேன். அவர் கல்லைத் தன் கையாலேயே திருப்பி வைத்தார்.

அப்போது பார்த்தேன். அகன்ற முனையை ஒட்டி, நகத்தால் கீறியதைவிட மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே சாய்வில். தேய்த்த தடம். ஒருவர் இந்தக் கல்லைப் பாறையில் வைத்து மணலும் தண்ணீரும் போட்டு முன்னும் பின்னும் இழுத்திருக்கிறார். முனையின் ஒரு ஓரத்தில் அரைக் கடுகு அளவில் மூன்று சில்லுகள் பெயர்ந்திருந்தன. குறுகிய முனைப் பக்கம் மெருகு முழுதாக ஏறவில்லை, முதலில் தட்டி உருவாக்கிய பள்ளங்கள் இரண்டு அங்கே அப்படியே இருந்தன. தட்டியது முதலில், தேய்த்தது பிறகு, உடைந்தது கடைசியில். மூன்று வேலையும் ஒரே படத்தில். வாத்தியார் வ்யூபைண்டரில் கண்ணை வைத்து நெடுநேரம் எடுக்கவில்லை.

மூன்று கல்லுக்கும் முன், பின், பக்கம் என்று எடுத்து முடிக்க இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் ஆயா மஞ்சளைக் குழைத்துவிட்டார். கடைசிக் கல்லுக்கு அவசரப்பட வேண்டியிருந்தது, அதன் பக்கவாட்டுப் படம் ஒன்று கொஞ்சம் அசைந்துவிட்டது. பூசையை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்யாண வீட்டில் உடனே போட்டு நீட்டுகிற சின்னப் பிரிண்டர் என்னிடம் உண்டு, பேட்டரியில் ஓடும். அங்கேயே பிரிண்ட் போட்டு ஆயாவிடம் கொடுத்தேன். அளவுகோல் தெரிகிற படம்தான். அவர் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நெத்தியில ஒண்ணுமில்லாம இருக்குது." படத்தின் மேலேயே விரலால் ஒரு துளி மஞ்சளை வைத்தார். பிறகு, "இது எங்க மாமனாரு எடுத்தாந்த கல்லு" என்றார்.

வாத்தியாரின் பேனா நின்றது. "எங்கேருந்து ஆயா?"

"தோ, அந்த மேட்டுக் கொல்லைதான். காப்பிச் செடி வக்கக் குழி வெட்டையில கெடச்சுது. நான் கண்ணாலம் கட்டி வந்த புதுசு. மம்பட்டியில டங்குன்னு பட்டுச்சு. அப்பவே தண்ணி ஊத்தித் தூக்கியாந்தாரு."

"இடம் ஞாபகம் இருக்கா?"

"அதெப்படி இல்லாமப் போகும்?"

அவர் முன்னே நடந்தார். இரண்டு வரப்பு தாண்டி, வயதான காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு பலா மரம். அதற்குப் பத்தடி கிழக்கே நின்றார். முழங்கால் ஆழம் இருக்கும், அதற்கு மேல் வெட்டவில்லை, மண் செவப்பா இருந்தது, கூட ஓடு ஒன்றும் வரவில்லை என்று, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக நினைவு வந்தது. வாத்தியார் பலா மரத்திலிருந்து நாடா பிடித்து அளந்தார், திசை பார்த்தார், நோட்டில் எழுதினார். இது அகழாய்வு ஆகாது, அறுபது வருஷம் முந்தைய ஞாபகம், அடுக்கு கலைந்துபோன மண், அதையும் அப்படியே எழுதினார். துறைக்கு அனுப்பும் தாளில் மூன்று கல்லில் ஒன்றுக்காவது இடம் என்ற கட்டத்தில் இனி ஏதாவது இருக்கும்.

இந்தப் பயணத்தில் மனிதர்களை எடுப்பதில்லை என்றிருந்தேன். கேமராவின் இருப்பிடப் பதிவு அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, அகலக் கோண லென்ஸை மாட்டினேன். இப்போது பலா மரமும் வரப்பும் கோயில் தகரமும் எல்லாம் வேண்டும்.

"ஆயா, எந்த இடம்னு ஒருவாட்டி காட்டுங்க."

ஆயா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, வலக்கை விரலை மண்ணை நோக்கி நீட்டினார். விரல் நுனியில் மஞ்சள் இருந்தது.

"அப்படியே இருங்க, அசையாதீங்க" என்றார் வாத்தியார்.